கரண்ட் போனால் எடைமேடை மட்டும் இரண்டு தடவை துண்டிக்கப்படுகிறது: சுவிட்ச் வளையத்தில் எங்கே கோளாறு?

மணலி சிஎஃப்எஸ்:

எல்லாருக்கும் வணக்கம். மணலியில் ஒரு கன்டெய்னர் சரக்கு நிலையத்தில் ஐடி பொறுப்பை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முன்பு பார்த்தவர்கள் படம், குறிப்பு எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை. கடவுச்சொற்கள் எழுதிய ஒரு தாள் மட்டும் கிடைத்தது.

இருப்பது நான்கு மேனேஜ்டு சுவிட்ச் (உள்ளே போய் அமைப்பை மாற்றக்கூடிய வகை). நான்கும் சிஸ்கோ கேட்டலிஸ்ட், வெவ்வேறு வயது. ஃபைபரில் வளையமாகக் கட்டியிருக்கிறார்கள்: சர்வர் அறை, அங்கிருந்து குடோன், அங்கிருந்து கேட் கேபின், அங்கிருந்து எடைமேடை, மறுபடி சர்வர் அறை. ஒரே கம்பியில் தனித்தனி வலைப்பின்னல்களாக ஓட விலான் பிரித்திருக்கிறார்கள்: விலான் 10 அலுவலகம், 20 எடைமேடை, 30 கேமரா, 99 நிர்வாகம்.

பிரச்சினை இதுதான். கரண்ட் போனவுடன் எடைமேடை மென்பொருள் சர்வரை இழந்து, கிட்டத்தட்ட ஒரு நிமிடம் உறைந்து நிற்கிறது. பிறகு தானாகவே சரியாகிவிடும். ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்துச் சில நிமிடம் கழித்து இன்னொரு முறை அரை நிமிடம் போல நிற்கிறது. எடைமேடை சுவிட்ச் யுபிஎஸ்ஸில்தான் இருக்கிறது, அணைவதே இல்லை. சர்வர் அறையும் அப்படித்தான். அந்த நேரத்தில் குடோனில் இருப்பவர்களுக்கு எந்தத் தடங்கலும் இல்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

2016 ஜூலை 1 முதல் ஏற்றுமதி கன்டெய்னருக்குச் சரிபார்த்த மொத்த எடை கொடுக்காமல் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். எடைச்சீட்டு வராமல் டிரெய்லர் மேடையை விட்டு இறங்காது. பின்னால் வரிசை கேட்டைத் தாண்டிச் சாலைக்குப் போய்விடுகிறது. பராமரிப்புக்கு வருபவர்கள் நான்கு சுவிட்சையும் மாற்றச் சொல்லி விலைப்பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமா?

ராயபுரம் ரூட்டர்:

தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். நீங்கள் சொன்ன அடையாளங்களே பாதி விடையைச் சொல்கின்றன. ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு, அப்புறம் அரை நிமிடம் என்ற கணக்கு வன்பொருள் கோளாறில் வராது. அது பழைய ஸ்பானிங் ட்ரீயின் கடிகாரம், அதாவது வளையத்தில் எந்த இணைப்பை அடைப்பது என்று சுவிட்சுகள் பேசி முடிவு செய்யும் முறையின் காத்திருப்பு நேரம்.

நான்கு சுவிட்சிலும் உள்ளே போய் இந்த மூன்றையும் எடுத்துப் போடுங்கள்: "ஷோ ஸ்பானிங்-ட்ரீ சம்மரி", "ஷோ ஸ்பானிங்-ட்ரீ விலான் 20", "ஷோ இன்டர்ஃபேசஸ் டிரங்க்". எல்லாம் பார்க்கும் கட்டளைகள்தான், வேலை நேரத்தில் அடித்தாலும் ஒன்றும் ஆகாது. இன்னொரு கேள்வி: நான்கில் யுபிஎஸ் இல்லாத சுவிட்ச் எது?

தண்டையார்பேட்டை ஃபைபர்:

ரூட்டர் அண்ணன் சொன்னதோடு வெளிச்சத்தையும் பார்த்துவிடுங்கள். யார்டில் போகும் ஃபைபர் என்றால் எனக்கு முதலில் அங்கேதான் சந்தேகம் போகும். "ஷோ இன்டர்ஃபேசஸ் டிரான்சீவர்" அடித்தால் ஒவ்வொரு எஸ்எஃப்பியும் (சுவிட்சில் ஃபைபரை மாட்டும் சிறு மாட்யூல்) வாங்கும் ஒளி எவ்வளவு என்று டிபிஎம் என்ற அளவில் காட்டும். எல்எக்ஸ் என்ற எஸ்எஃப்பி வகைக்குத் தரநிலைப்படி மைனஸ் 19 வரை தாங்கும். அதை நெருங்கிக்கொண்டிருந்தால் எங்கோ ஜாயின்ட் கெட்டிருக்கிறது, அல்லது கனெக்டர் முகத்தில் தூசி. மைனஸ் 10-க்குள் இருந்தால் ஃபைபரைச் சந்தேகப்படாமல் அடுத்ததற்குப் போகலாம்.

மணலி சிஎஃப்எஸ்:

பார்த்துவிட்டேன் அண்ணா. ஒளி எல்லா இடத்திலும் மைனஸ் 6-க்கும் மைனஸ் 9-க்கும் நடுவில்.

ஸ்பானிங் ட்ரீ நான்கிலும் பிவிஎஸ்டி (விலானுக்கு ஒன்றாகத் தனித்தனியே ஓடும் பழைய முறை) என்று காட்டுகிறது. விலான் 20-இல் நான்குக்குமே ப்ரையாரிட்டி 32788. ரூட், அதாவது தலைமை, கேட் கேபின் சுவிட்ச். சர்வர் அறை சுவிட்சில் குடோன் பக்கப் போர்ட் "ரூட், ஃபார்வர்டிங்" (ரூட்டை நோக்கித் திறந்திருக்கிறது). எடைமேடை பக்கப் போர்ட் "ஆல்டர்நேட், பிளாக்கிங்" (மாற்று வழி, அடைத்திருக்கிறது). டிரங்க் (பல விலானைச் சேர்த்துக் கொண்டுபோகும் இணைப்பு) எல்லாவற்றிலும் நான்கு விலானும் போகிறது.

யுபிஎஸ் இல்லாதது கேட் கேபின்தான். அங்கே ஒரு சின்ன யுபிஎஸ் இருக்கிறது, ஆனால் பேட்டரி செத்துப்போய் வெகுநாளாகிறது. கரண்ட் போனால் அந்தச் சுவிட்ச் அணைந்து, ஜெனரேட்டர் வந்ததும் எழுந்துகொள்கிறது. நான்கில் அதுதான் பழசு.

ராயபுரம் ரூட்டர்:

இப்போது படம் முழுசாகத் தெரிகிறது. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் அந்த விலைப்பட்டியலை நீங்களே திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள்.

வளையமாகக் கட்டிய சுவிட்சுகளில் எங்காவது ஓர் இடத்தை அடைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஒரே பிராட்காஸ்ட் (எல்லாருக்கும் போகும் செய்தி) சுற்றிச் சுற்றி வந்து எல்லாவற்றையும் மூச்சு முட்ட வைத்துவிடும். எங்கே அடைப்பது என்பதைச் சுவிட்சுகள் தாங்களே பேசி முடிவு செய்யத்தான் 1985-இல் ரேடியா பெர்ல்மன் ஸ்பானிங் ட்ரீயை உருவாக்கினார். 1990-இல் அது 802.1டி என்ற தரநிலையானது. யாரும் எதையும் அமைக்காமலே வேலை செய்ய வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்த நல்ல குணம்தான் உங்கள் இடத்தில் வினையாகிவிட்டது.

முதலில் ஒரு ரூட்டைத் தேர்ந்தெடுப்பார்கள். யாருடைய ப்ரையாரிட்டி குறைவோ அவரே ரூட். எல்லாருக்கும் இயல்பான எண் 32768, அதோடு விலான் எண் 20 சேர்ந்து 32788. உங்களிடம் நான்கும் சமம். சமமானால் மேக் முகவரி (தயாரிக்கும்போதே பெட்டிக்குக் கொடுத்த எண்) எதற்குச் சிறியதோ அது ஜெயிக்கும். பழைய பெட்டிகளுக்குப் பெரும்பாலும் சிறிய மேக்தான் இருக்கும். ஆக, இருப்பதிலேயே வயதானதும், வெயிலில் கிடப்பதும், யுபிஎஸ் இல்லாததுமான கேட் கேபின் சுவிட்ச் உங்கள் வலைப்பின்னலுக்குத் தலைமை ஏற்றுக்கொண்டது. யாரும் அதை நியமிக்கவில்லை.

ரூட் கேட்டில் என்றால் அதற்கு நேர் எதிரே இருப்பது சர்வர் அறை. அடைப்பு அங்கே விழுந்திருக்கிறது, சரியாக எடைமேடைக்குப் போகும் போர்ட்டில். எடைமேடைக்கும் சர்வர் அறைக்கும் நேரடி ஃபைபர் இருந்தும் அது சும்மா கிடக்கிறது. ஒவ்வொரு எடைச்சீட்டும் எடைமேடையிலிருந்து கேட், கேட்டிலிருந்து குடோன், குடோனிலிருந்து சர்வர் அறை என்று சுற்றிக்கொண்டு போகிறது.

கரண்ட் போகிறது, கேட் அணைகிறது. குடோனுக்குச் சர்வர் பக்கம் ஏற்கெனவே திறந்திருப்பதால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எடைமேடையோ ஒரு பக்கம் கேட் செத்துப்போக, மறு பக்கம் அடைப்பு இருக்க, நடுவில் மாட்டிக்கொள்கிறது. அடைத்த போர்ட் உடனே திறக்காது. பழைய ரூட்டைப் பற்றிய தகவல் காலாவதியாக 20 வினாடி, கேட்பதற்கு 15, கற்பதற்கு 15. மொத்தம் 50. உங்களுடைய "கிட்டத்தட்ட ஒரு நிமிடம்" அதுதான்.

இரண்டாவது தடங்கல் இன்னும் நுட்பமானது. ஜெனரேட்டர் வந்து, கேட் சுவிட்ச் தன் மென்பொருளை ஏற்றிக்கொண்டு எழுந்திருக்கச் சில நிமிடம் ஆகும். எழுந்ததும் "நான்தான் ரூட்" என்று மறுபடி சொல்லும். சர்வர் அறை அதை ஏற்றுக்கொண்டு எடைமேடைப் போர்ட்டை அந்த நொடியே அடைத்துவிடும். அடைப்பதற்குக் காத்திருப்பு கிடையாது, திறப்பதற்குத்தான் உண்டு. கேட் பக்கத்து இணைப்புகளோ 15, 15 என்று 30 வினாடி கழித்துத்தான் திறக்கும். அந்த 30 வினாடி எடைமேடை மறுபடி தனித்தீவு.

நான்கு பெட்டியும் நல்லபடியாகத்தான் வேலை செய்கின்றன. ரூட் யார் என்பதை நீங்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான் குறை. புதிதாக நான்கு வாங்கி அப்படியே மாட்டினாலும் நான்கில் ஏதோ ஒன்றுக்கு மேக் சிறியதாக இருக்கும். எதற்கு என்பது அதிர்ஷ்டம்.

எண்ணூர் ஷிப்ட்:

அண்ணே, அருமையாகச் சொன்னீர்கள். ஆனால் ஒரு கேள்வி. இவ்வளவு சிக்கல் எதற்கு? கேட்டிலிருந்து எடைமேடைக்குப் போகும் ஃபைபரைக் கழற்றிவிட்டால் வளையமே இல்லை. அடைப்பும் இல்லை, 50 வினாடியும் இல்லை. எங்கள் ஆலையில் சில இடங்களில் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

தண்டையார்பேட்டை ஃபைபர்:

ஆலைக்குள் கேபிள் ட்ரேயில் போகும் ஃபைபருக்கு அது சரி. யார்டுக்கு ஒத்துவராது நண்பா. ரீச் ஸ்டாக்கர் (கன்டெய்னர் தூக்கும் வண்டி) சக்கரம் ஏறிக் குழாய் நசுங்குவது, தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டும்போது ஜேசிபி பல்லில் மாட்டுவது, இந்தப் பக்கத்துச் சரக்கு நிலையங்களில் வாடிக்கை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம் வந்தபோது தண்ணீருக்கடியில் கிடந்த ஜாயின்ட் பெட்டிகளைத் திறந்து உலர்த்தியே எங்களுக்குப் பொழுது போனது. சர்வர் அறைக்கும் எடைமேடைக்கும் இடையில் ஃபைபர் அறுந்தால், நான் வந்து ஸ்ப்ளைஸ் போட்டு ஒட்டும்வரை எடை போட முடியாது. மாற்று வழி இருந்தால் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம், நானும் அவசரமில்லாமல் வேலையைச் சுத்தமாக முடிக்கலாம். வளையம் கட்டியவர் யாரோ, யோசித்துத்தான் கட்டியிருக்கிறார். அதைப் பிரிக்காதீர்கள்.

ராயபுரம் ரூட்டர்:

வழிமொழிகிறேன். வளையம் இருக்கட்டும். அடைப்பை இடம் மாற்றுவோம்.

ரூட் சர்வர் அறை என்று வைத்தால் அதற்கு எதிரே கேட் வரும். அடைப்பும் கேட் சுவிட்சின் ஒரு போர்ட்டில் விழும். அப்போது கேட் அணைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, ஏனென்றால் அதன் வழியாக வேறு யாருடைய போக்குவரத்தும் போகாது. குடோனை இரண்டாவதாக வைத்தால் கேட் தன் ரூட் போர்ட்டாகக் குடோன் பக்கத்தை எடுத்துக்கொள்ளும், எடைமேடை பக்கத்தை அடைக்கும். நமக்கு வேண்டியது அதுவே.

வண்ணை விலான்:

நான் பழைய வண்ணாரப்பேட்டை. ஒரு கல்லூரி வளாகத்தின் சுவிட்சுகளைப் பார்த்துக்கொள்கிறேன். ரூட்டர் சார் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எந்த வரிசையில் செய்வது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சரியான கட்டளையைத் தப்பான வரிசையில் அடித்தாலும் மாட்டிக்கொள்வோம்.

முதலில் நான்கு சுவிட்சின் ரன்னிங் கான்ஃபிகையும் (இப்போது ஓடும் அமைப்பு) எடுத்து ஒரு கணினியில் சேமியுங்கள். பெயரில் தேதி இருக்கட்டும்.

அப்புறம் பயன்பாட்டுக் கருவிகள் மாட்டிய போர்ட்டுகள்: கணினி, பிரிண்டர், கேமரா, எடை இண்டிகேட்டரின் சீரியல் கன்வெர்ட்டர். எல்லாவற்றிலும் போர்ட்ஃபாஸ்ட்டும் (காத்திராமல் உடனே திறப்பது) பிபிடியு கார்டும் (ஸ்பானிங் ட்ரீ செய்தியான பிபிடியு வந்தால் போர்ட்டை மூடுவது) போடுங்கள். இதை ரேப்பிட் முறைக்கு (ஸ்பானிங் ட்ரீயின் வேகமான புதிய வடிவம்) மாறுவதற்கு முன்பே செய்ய வேண்டும். பலர் இதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ரேப்பிட்டில் ஒரு சுவிட்ச் தன் மேலே இருப்பவரோடு கைகுலுக்கும்போது, எட்ஜ் (சுவிட்ச் இல்லாமல் கருவி மட்டும் மாட்டிய முனை) என்று அறிவிக்காத தன் மற்றப் போர்ட்டுகளை ஒரு கணம் மூடிவிடும். மறுமுனையில் சுவிட்ச் இருந்தால் அதுவும் பதிலுக்குக் கைகுலுக்கி உடனே திறந்துகொள்ளும். கணினிக்கும் கன்வெர்ட்டருக்கும் அந்த மொழி தெரியாது. அதனால் அந்தப் போர்ட் பழையபடி 30 வினாடி காத்திருக்கும். ரேப்பிட் போட்டும் வேகம் வரவில்லை என்று புலம்புபவர்களிடம் போய்ப் பார்த்தால் பாதிப்பேர் விட்டது இதுவாகத்தான் இருக்கும்.

போட்டபின் "ஷோ ஸ்பானிங்-ட்ரீ விலான் 20" அடியுங்கள், கடைசி நெடுவரிசையில் எட்ஜ் என்று வந்திருக்கிறதா பாருங்கள். வராவிட்டால் அந்தப் போர்ட்டை ஒருமுறை ஷட் போட்டு எடுங்கள். வளையத்து ஃபைபர் போர்ட்டுகளில் பிபிடியு கார்டு போடவே கூடாது. எதிர்ச் சுவிட்சின் முதல் பிபிடியு வந்ததுமே போர்ட் எர்ர்-டிஸேபிள் ஆகி மூடிக்கொள்ளும்.

மூன்றாவது, "ஸ்பானிங்-ட்ரீ மோட் ரேப்பிட்-பிவிஎஸ்டி". கேட்டில் ஆரம்பித்து, எடைமேடை, குடோன், கடைசியில் சர்வர் அறை. பழைய முறையும் புதிய முறையும் கொஞ்ச நேரம் கலந்திருந்தால் பரவாயில்லை, புதியது பழையதற்கு ஏற்றபடி இறங்கிப் பேசும். ஆனால் மாற்றும்போது அந்தந்தச் சுவிட்சில் சின்னத் தடங்கல் வரும். ஆகவே வண்டி வராத நேரத்தில் செய்யுங்கள்.

நான்கும் ரேப்பிட் ஆனபிறகுதான் ப்ரையாரிட்டி. சர்வர் அறையில் "ஸ்பானிங்-ட்ரீ விலான் 10,20,30,99 ப்ரையாரிட்டி 4096". குடோனில் அதுவே 8192. இந்த எண் 4096-இன் மடங்காகத்தான் இருக்க வேண்டும், நடுவில் எதைக் கொடுத்தாலும் ஏற்காது. இந்த நேரத்தில் ரூட் மாறும், ஆனால் ரேப்பிட்டில் ஓரிரு வினாடியில் அடங்கிவிடும். பழைய முறையிலேயே ப்ரையாரிட்டியை மாற்றியிருந்தால் எல்லாரும் அரை நிமிடம் வெளியே நின்றிருப்பார்கள்.

மணலி சிஎஃப்எஸ்:

அக்கா, இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை. மூன்று சந்தேகம். எல்லாவற்றையும் சர்வர் அறையில் உட்கார்ந்தே எஸ்எஸ்எச்சில் (வலைப்பின்னல் வழியே உள்நுழைந்து) செய்யலாமா, இல்லை ஒவ்வொரு கேபினுக்கும் கன்சோல் கேபிளோடு போக வேண்டுமா? ரேப்பிட் போட்டால் டிரங்க்கில் ஏதாவது மாற்ற வேண்டுமா? வைஃபைக்குப் புதிதாக விலான் 40 கேட்கிறார்கள், அதையும் இதோடு சேர்த்துவிடலாமா?

வண்ணை விலான்:

மூன்றாவதற்கு முதலில் பதில்: வேண்டாம். ஒரு நாளில் ஒரு மாற்றம். ஏதாவது தப்பினால் எதனால் என்று தெரிய வேண்டும்.

தொலைவிலிருந்து செய்யலாம், ஆனால் "ரீலோட் இன் 10" போட்டுவிட்டு ஆரம்பியுங்கள். 10 நிமிடத்தில் சுவிட்ச் தானே மறுதொடக்கம் ஆகும். நீங்கள் சேமிக்காத வரை பழைய அமைப்போடு எழும். எல்லாம் சரியாக நடந்தால் "ரீலோட் கேன்சல்", பிறகு சேமிப்பு. அந்தக் கட்டளையை அடிக்கும்போது மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்கலாம். அங்கே "நோ" என்று சொல்லுங்கள். பழக்கத்தில் "எஸ்" அடித்துவிட்டால் இந்தப் பாதுகாப்புக்கே அர்த்தமில்லை. இருந்தாலும் கேட் கேபினில் ஓர் ஆள் கன்சோலோடு இருந்தால் நல்லது, வளாகம் ஒன்றுதானே.

டிரங்க்கில் இப்போது ஒன்றும் மாற்ற வேண்டாம். ஆனால் விலான் 40 சேர்க்கும் நாளில் ஒன்று நினைவிருக்கட்டும். "ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலௌட் விலான் 40" என்று அடித்தால் 40 சேராது. மற்ற எல்லாம் போய் 40 மட்டும் மிஞ்சும். நீங்கள் 99 வழியாக உள்ளே வந்திருந்தால் அந்த வரியோடு உங்கள் இணைப்பும் போய்விடும். "அலௌட் விலான் ஆட் 40" என்று "ஆட்" போட்டே ஆக வேண்டும். எங்கள் வளாகத்தில் வேலைக்கு வரும் புதியவர்களுக்கு நான் முதல் நாள் சொல்லித்தருவது இந்த ஒரு சொல்லைத்தான். விலான் 40-ஐ நான்கு சுவிட்சிலும் உருவாக்கி, ப்ரையாரிட்டி வரியிலும் சேருங்கள். இல்லாவிட்டால் அந்த ஒரு விலானுக்கு மட்டும் கேட் மறுபடி ரூட் ஆகிவிடும். பிவிஎஸ்டியில் ஒவ்வொரு விலானுக்கும் தனித் தேர்தல்.

ராயபுரம் ரூட்டர்:

கடைசியாக அவர் சொன்னதை இரண்டு முறை படியுங்கள். நான் பார்த்த இடங்களில் பாதி இப்படித்தான்: பழைய விலான்களுக்கெல்லாம் ரூட் சரியாக இருக்கும், பின்னால் சேர்த்த ஒன்றுக்கு மட்டும் எங்கோ ஒரு மூலை. வேண்டுமானால் 1-4094 என்று மொத்தமாகவே கொடுத்துவிடலாம், புதிதாக வருவதும் அதில் அடங்கும்.

இன்னொன்று, சர்வர் அறைச் சுவிட்சின் இரண்டு வளையப் போர்ட்டிலும் ரூட் கார்டு போடுங்கள். நாளைக்கு யாராவது குறைந்த ப்ரையாரிட்டியோடு ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினாலும் தலைமை கைமாறாது.

மணலி சிஎஃப்எஸ்:

ஞாயிறு இரவு செய்து முடித்தோம். அக்கா சொன்ன வரிசைதான், ஒன்றையும் மாற்றவில்லை.

இப்போது சர்வர் அறையில் "திஸ் பிரிட்ஜ் ஈஸ் தி ரூட்" என்று வருகிறது, ப்ரையாரிட்டி 4116. கேட் சுவிட்சில் எடைமேடை பக்கப் போர்ட் ஆல்டர்நேட். ரூட்டர் அண்ணன் சொன்ன அதே போர்ட்.

அப்புறம் சோதனை. எடைமேடைக் கணினியிலிருந்து சர்வருக்கு நிற்காத பிங் ஓடவிட்டு, கேட் கேபினின் பிரேக்கரை இறக்கச் சொன்னேன். ஒரு பிங்கூடத் தவறவில்லை. மறுபடி ஏற்றி, சுவிட்ச் எழுந்து வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதும் ஒன்றும் இல்லை. அடுத்து எடைமேடைக்கும் சர்வர் அறைக்கும் நடுவில் இருக்கும் ஃபைபரையே கழற்றினேன். ஒரே ஒரு பிங் போனது, உடனே கேட் வழியாகத் தொடர்ந்தது. எடைமேடை ஆபரேட்டர் மென்பொருளில் ஒரு வெற்றுச்சீட்டு போட்டுக்கொண்டிருந்தார், அவருக்குத் தெரியவே இல்லை.

விலைப்பட்டியலை மேலாளரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத செலவில் கேட் யுபிஎஸ்ஸுக்கு பேட்டரி கேட்டிருக்கிறேன். கிடைக்கும்.

எண்ணூர் ஷிப்ட்:

வாழ்த்துகள் தம்பி. பேட்டரியோடு சேர்த்து அந்தக் கேட் கேபின் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். வடசென்னையில் சுவிட்சைத் தின்பது நம் காற்று. ஒரு பக்கம் கடல் உப்பு, ஒரு பக்கம் சாம்பல், மணலியில் சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்துக் கந்தகவாடை. 2006-க்குப் பிறகு ஐரோப்பிய விதியால் ஈயமில்லாப் பலகைகள் வந்தன. அவற்றில் வெள்ளிப் பூச்சு போட்டவை கந்தகக் காற்றில் சீக்கிரம் கறுக்கும். செம்பும் வெள்ளியும் சல்ஃபைடாகிப் பாசி படர்வதுபோல் தடத்திலிருந்து தடத்துக்கு ஊர்ந்து ஷார்ட் ஆக்கும். ஈரப்பதம் கூடினால் இன்னும் வேகம்.

எங்கள் பக்கம் ஐஎஸ்ஏ 71.04 என்ற தரநிலையை வைத்து அளப்பார்கள். செம்புத் துண்டு ஒன்றை அறையில் தொங்கவிட்டு, ஒரு மாதத்தில் 300 ஆங்ஸ்ட்ராமுக்கும் குறைவாகத் துரு ஏறினால் அந்த அறை மின்னணுக் கருவிக்குப் பாதுகாப்பு என்று கணக்கு. கேட் கேபினுக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். கதவு சரியாக மூடும் சுவர்ப்பெட்டி, காற்று உள்ளே போகும் வாயில் வடிகட்டித் துணி, காலியாக இருக்கும் எஸ்எஃப்பி துளைகளுக்கும் ஆர்ஜே-45 துளைகளுக்கும் ரப்பர் மூடி. இவ்வளவு செய்தாலே ஆயுள் கூடும். தூசியை ஊதும்போது ஈரமில்லாத காற்றாக இருக்கட்டும்.

தண்டையார்பேட்டை ஃபைபர்:

ஃபைபர் முனைக்கும் அதே கதைதான். கழற்றிய பேட்ச் கார்டை மூடியில்லாமல் தொங்கவிடாதீர்கள். மறுபடி மாட்டும் முன் கிளீனரால் ஒரு சொடுக்கு. சட்டையில் துடைப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். சோதனைக்குக் கழற்றிய அந்த எடைமேடை முனையை இப்போது ஒருமுறை பாருங்கள், மைனஸ் எவ்வளவு காட்டுகிறது?

மணலி சிஎஃப்எஸ்:

மைனஸ் 7 அண்ணா, முன்பிருந்தது போலத்தான்.

கேட் சுவிட்ச் திறந்து பார்த்ததில் ஒரு விசிறி நின்றுபோயிருக்கிறது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் அதே மாடல் பழையது கிடைக்கும் என்கிறார்கள். உதிரியாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

வண்ணை விலான்:

வாங்கலாம். ஆனால் வாங்கிய பெட்டியை நேராக வளையத்தில் மாட்டாதீர்கள். அதில் முந்தைய முதலாளியின் விலான் பட்டியலும் விடிபி (விலான் பட்டியலைச் சுவிட்சுகளுக்குள் தானே பரப்பும் முறை) அமைப்பும் இருக்கலாம். விடிபி டொமைன் பெயர் ஒத்துப்போய், அதன் ரிவிஷன் எண் உங்களுடையதைவிடப் பெரியதாக இருந்தால், பழைய விடிபி பதிப்புகளில் அந்தப் பெட்டியின் பட்டியல் உங்கள் எல்லாச் சுவிட்சிலும் ஏறிக்கொள்ளும். உங்கள் விலான்கள் அழிந்து, அவற்றில் இருந்த போர்ட்டுகள் செயலற்றுப்போகும்.

மேசையில் தனியாக வைத்து "ரைட் இரேஸ்", "டிலீட் விலான்.டேட்", ரீலோட். எழுந்தபின் "விடிபி மோட் டிரான்ஸ்பேரன்ட்", அதாவது மற்றப் பெட்டியின் பட்டியலை ஏற்காத நிலை. ரிவிஷன் பூஜ்யம் ஆகிவிட்டதா என்று "ஷோ விடிபி ஸ்டேட்டஸ்" பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் நான்கிலும் விடிபி டிரான்ஸ்பேரன்ட் ஆக்கிவிடுவது நல்லது. நான்கு சுவிட்சுக்கு விலானைக் கையால் எழுதுவது ஒன்றும் சுமையில்லை. கேட்டின் கான்ஃபிகை அதில் ஏற்றி, மேலே பெயர்ச்சீட்டு ஒட்டி, அலமாரியில் வையுங்கள். மறையாக்கமில்லாத டெல்நெட் நுழைவை மூடி, "டிரான்ஸ்போர்ட் இன்புட் எஸ்எஸ்எச்" போட்டுவிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும். எஸ்எஸ்எச் சாவியை அந்தப் பெட்டியிலேயே புதிதாக உருவாக்க வேண்டும், 2048 பிட். கான்ஃபிகைப் பிரதியெடுத்தால் சாவி கூடவே வராது.

மணலி சிஎஃப்எஸ்:

குறித்துக்கொண்டேன். இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. "ஷோ ஸ்பானிங்-ட்ரீ டீடெயில்" அடித்தால் டோபாலஜி (இணைப்பு அமைப்பு) மாற்றம் எத்தனை முறை நடந்தது என்று ஓர் எண் வருகிறது. விலான் 30-இல் அது தினமும் ஏறுகிறது. பகலில் அசையாமல் இருக்கிறது, இருட்டியபின்தான் கூடுகிறது. யாரும் குறை சொல்லவில்லை. விட்டுவிடலாமா?

ராயபுரம் ரூட்டர்:

விடாதீர்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எல்லாச் சுவிட்சும் தாங்கள் கற்ற மேக் முகவரிகளை மறந்துவிட்டு, கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் எல்லாப் போர்ட்டிலும் கொட்டும். கேமரா விலான் என்பதால் கொட்டுவதும் நிறைய.

அந்த எண்ணுக்குக் கீழேயே, கடைசி மாற்றம் எந்தப் போர்ட்டிலிருந்து வந்தது என்று எழுதியிருக்கும். அந்தப் போர்ட்டின் மறுமுனையில் இருக்கும் சுவிட்சுக்குப் போய் அங்கேயும் அதையே அடியுங்கள். அது கைகாட்டும் அடுத்த சுவிட்சுக்குப் போங்கள். வளையப் போர்ட்டை விட்டுவிட்டுச் சாதாரணப் போர்ட் ஒன்றைக் காட்டும் இடம்தான் முடிவு.

மணலி சிஎஃப்எஸ்:

கிடைத்துவிட்டது. குடோன் சுவிட்ச், போர்ட் 11. அங்கே யார்டைப் பார்க்கும் சுழலும் கேமரா ஒன்று. அந்தப் போர்ட்டைப் பழைய ஆட்கள் டிரங்க்காக வைத்திருந்ததால் போர்ட்ஃபாஸ்ட் பட்டியலில் வரவில்லை. பதிவேட்டில் பார்த்தால் இரவில் அந்த இணைப்பு விழுந்து விழுந்து எழுகிறது. "ஷோ பவர் இன்லைன்" அந்தப் போர்ட்டுக்கு 15.4 வாட் என்று காட்டுகிறது.

எண்ணூர் ஷிப்ட்:

இருட்டியதும் அகச்சிவப்பு விளக்கு எரியும், அப்போதுதான் அது அதிக மின்சாரம் கேட்கும். நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் தரும் 802.3ஏஎஃப் போர்ட் 15.4 வாட் கொடுத்தாலும் கேபிளில் போனது போக மறுமுனைக்கு 12.95 வாட்தான் உறுதி. சுழலும் கேமராவுக்கு மோட்டாரும் சேர்ந்தால் போதாது. அதன் பின்பக்கச் சீட்டில் 802.3ஏடி என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அது 30 வாட் வகை.

மணலி சிஎஃப்எஸ்:

ஆமாம், ஏடி என்றுதான் இருக்கிறது. குடோன் சுவிட்ச் ஏஎஃப் மட்டும் கொடுக்கும்.

ராயபுரம் ரூட்டர்:

அந்த ஒரு கேமராவுக்கு 30 வாட் இன்ஜெக்டர் (கேபிளில் மின்சாரம் ஏற்றும் பெட்டி) ஒன்றை நடுவில் போட்டால் போதும், குடோன் யுபிஎஸ்ஸிலேயே சொருகிவிடுங்கள். சுவிட்சிலிருந்து கேமரா வரை மொத்த கேபிள் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும், இன்ஜெக்டர் நடுவில் வந்தாலும் அந்த அளவு கூடாது. போர்ட் 11-ஐ விலான் 30 மட்டும் போகும் அக்சஸ் ஆக்கி, போர்ட்ஃபாஸ்ட் போட்டு, சுவிட்ச் மின்சாரம் தராதபடி "பவர் இன்லைன் நெவர்" கொடுங்கள். இரண்டு இரவு கழித்து அந்த எண்ணை மறுபடி பார்த்துவிட்டு இங்கே போடுங்கள்.

மணலி சிஎஃப்எஸ்:

இன்ஜெக்டர் போட்டாயிற்று. கேபிள் 70 மீட்டர்தான். எண் அசையவில்லை அண்ணா. அடுத்த வாரம் விலான் 40, "ஆட்" போட்டு.